மூச்சு வாங்காமல் ஒரு செபமாலை

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் ஓடுகிற பட்டைமேல் என்னை நிறுத்தி நடக்கச் சொன்னார்கள். நெஞ்சில் அங்கங்கே வயர் ஒட்டியிருந்தது. முதலில் பட்டை மெதுவாகத்தான் ஓடியது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நானும் கையை வீசி நடந்தேன். பிறகு அது வேகம் பிடித்தது. போதாக்குறைக்கு முன்பக்கம் ஏற்றம்போலத் தூக்கவும் செய்தது. எனக்கு மூச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய நர்ஸ் பெண், இவ்வளவுதானா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். அவள் வயசுக்கு அவள் பார்க்கலாம்.

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பரிசோதனை நடந்தது என் கையில், நெஞ்சில். ஆனால் அது அவளுக்கான பரிசோதனை. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வாரத்தில் மூன்று நாள் காலையில் நாகர்கோவிலில் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரிக் கிடப்பாள். அத்தானுக்குச் சர்க்கரை. பிள்ளைகளிடம் சிறுநீரகம் வாங்க மாட்டேன் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். மிஞ்சியது நான். ரத்தம் பொருந்தியது, மற்ற பொருத்தங்களும் சரியாக இருந்தன. பொருந்தாதது என் உடம்பு ஒன்றுதான்.

டாக்டர் கோபப்படவில்லை. இருதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, உடம்புக்குப் பழக்கம் இல்லை, எடையும் கூடுதல், இந்த நிலையில் உங்களை ஆபரேஷன் மேஜையில் கிடத்த மாட்டேன் என்றார். எனக்கு ரோஷம் வந்தது. காலையிலிருந்து இருட்டும்வரை தையல் மெஷினை மிதிக்கிறவள் நான். சமையல், துணி, வீடு எல்லாம் என் தலையில். வீட்டுக்காரர் கொச்சியில் ஆழ்கடல் போட்டில் வேலை செய்கிறார், மாதத்தில் பாதி நாள் கடலில்தான். இத்தனையும் செய்கிறவளுக்கு உடம்பு பழகவில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் வேலை, இருதயம் விட்டுவிட்டு வேலை செய்யும். தொடர்ந்து கொஞ்ச நேரம் அதை ஓட்டிப் பழக்க வேண்டும் என்றார் அவர். சில மாதம் நடந்து, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் களியக்காவிளை தாண்டியது. பிறகு அக்காதான், என் தோளில் சாய்ந்துகொண்டு, தையல்காரிக்கு உடம்பு அளவு எடுக்கத் தெரியவில்லையே என்று கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உடம்பால் ஒருத்திக்கு இத்தனை உபயோகம் இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அதைக் கொஞ்சம் நல்லபடியாக வைத்திருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற ஒரு பெண் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். சமதரையில் நடக்க வேண்டும். முதலில் மெதுவாக, நடுவில் விறுவிறுப்பாக, முடிக்கும்போது மறுபடி மெதுவாக. வயிறு முட்டச் சாப்பிட்டும் நடக்கக்கூடாது, பட்டினியாகவும் நடக்கக்கூடாது. காலுக்கு ஷூ வேண்டும். முதல் வாரம் கொஞ்சம்போல நடந்தால் போதும், வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். வேகம் சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது, பேசவே முடியாவிட்டால் வேகம் கூடிப்போயிற்று என்றாள். மெஷினும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம், வாய் போதும் என்றதில் எனக்கு ஒரு நிம்மதி. வாய்க்கு என்னிடம் எப்போதும் குறைவில்லை.

எங்கள் ஊர் கொளச்சலுக்குப் பக்கத்தில், கடலோரம். வீட்டிலிருந்து கால்வாய்க்கரை வழியாகப் போனால் சாலை முக்கில் ஒரு குருசடி, மேலே சிலுவை வைத்த சின்னக் கோயில். அங்கேவரை போய்த் திரும்புவது என்று முடிவு செய்தேன். வெளியூரில் இருக்கிற மகன் விட்டுப்போன பழைய ஷூ, நைட்டி, அதன்மேல் ஒரு துவர்த்துத் துண்டு. கண்ணாடியில் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் வெளியே இறங்கியிருக்க மாட்டேன்.

நடப்பது எளிது, எங்கள் ஊரில் நடப்பதுதான் கஷ்டம். ஒரு பொம்பளை காரணம் இல்லாமல் காலையில் நடந்து போவதை யாராலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பைக்கில் வந்தவன் நிறுத்தினான், எங்க போறிய, ஏறுங்க, விடுதேன் என்றான். சும்மா நடக்கேன் என்றால் நம்பவில்லை, என்னமோ வருத்தம் என்று முகத்தைப் பார்த்தான். ஆட்டோக்காரர் காசு வேண்டாம் என்றே நிறுத்தினார். குருசடிக்குப் பக்கத்து வீட்டு மதினி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சூடாகப் பழம்பொரியும் பால் டீயும் தந்தாள். வேண்டாம் என்றால் அவளுக்கு மனசு கஷ்டப்படும். அந்த வாரக் கடைசியில் எடை பார்த்தேன், கூடியிருந்தது.

அக்காவிடம் போனில் இதைச் சொன்னபோது டயாலிசிஸ் படுக்கையில் கிடந்து சிரித்தாள். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும், அதை அசைக்கக்கூடாது. மறு கையில் போனும் காதில் இயர்போனுமாக நேரத்தைத் தள்ளுவாள். அவள் மெஷினில் கிடக்கிற நேரமும் நான் நடக்கிற நேரமும் ஒன்றாக இருந்ததால், பேசிக்கொண்டே நடப்பது என்று ஏற்பாடு செய்தோம். வேகமும் தெரியும், அவளுக்கும் பொழுது போகும்.

இரண்டு நாளில் அதுவும் சரிவரவில்லை. நாங்கள் பேசுவது முழுக்கப் புறணி. புறணியில் சூடு ஏறினால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. அத்தானின் தங்கச்சி சங்கதி ஒன்றை அவள் சொல்லி முடிக்கும்வரை நான் கால்வாய்ப் பாலத்தில் கையை ஊன்றி நின்றுகொண்டே இருந்தேன். நிற்கியா என்று அவளே கேட்டாள். பிறகு அவள்தான் ஒரு வழி சொன்னாள். செபமாலை சொல்லுவோம், அதில் நிற்கத் தோன்றாது என்றாள்.

செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் உள்ள செபம் இரண்டு பாதி. முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து சாயங்காலம் வீட்டில் நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னதுதான். நான் நடந்துகொண்டு முதல் பாதியைச் சொல்ல, நாகர்கோவிலில் படுத்துக்கொண்டு அவள் மறுபாதியைச் சொன்னாள். மரண நேரத்துக்காக வேண்டுகிற வரி அந்த மறுபாதியில்தான் இருக்கிறது. அது அவளுக்கு விழுந்ததில் எனக்குச் சங்கடம். பாதியை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். மூச்சு வாங்குகிறவள் நீதான், உன் பாதி எனக்குக் காதில் விழ வேண்டும் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அது நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஒரே தாளத்தில் வார்த்தை வரும்போது காலும் ஒரே தாளத்தில் போகிறது. வேகம் கூடினால் செபம் நடுவில் உடைகிறது. உடனே அக்கா மெதுவா என்பாள். சோம்பிப்போனால் ராகம் போட்டு இழுக்கத் தொடங்கிவிடுவேன். அப்போது, பூசையில் பாடுதியா, வேகமா நட என்பாள். தூரத்தையும் அதிலேயே அளந்தோம். முதல் வாரம் குருசடிவரை ஒரு பத்து, அதாவது மாலையில் பத்து மணி, திரும்பி வரும்போது செபம் இல்லாமல் மெதுநடை. அடுத்த வாரம் இன்னொரு பத்து. இப்படியே ஐந்து பத்தும் சேர்ந்த செபமாலை முழுவதையும் முடிக்கும் அளவுக்கு வர வேண்டும் என்பது கணக்கு.

இன்னொரு லாபமும் இருந்தது. செபமாலையைக் கையில் வைத்து முணுமுணுத்துக்கொண்டு போகிறவளை எங்கள் ஊரில் யாரும் நிறுத்த மாட்டார்கள். பைக்கில் வந்தவன் வேகத்தைக் குறைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனான். மதினி வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள். பழம்பொரி நின்றது. எடை இறங்கத் தொடங்கியது.

அந்த நாட்களில் ஒரு காலை, நடந்து முடித்து வீட்டுப் படியில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். போன் காதில்தான் இருந்தது. பிறகு அக்கா கேட்டாள்.

"தண்ணியா குடிக்கிய?"

ஆமாம் என்றேன்.

"மெதுவாக் குடிட்டி. நானும் கேக்கட்டு."

அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்த தண்ணீர்தான். சாம்பார், டீ, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெயில் காலத்தில் ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு அலைவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் தண்ணீர் குடிக்கிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதே இல்லை. அதன் பிறகு போனை வைத்துவிட்டுத்தான் செம்பை எடுத்தேன்.

தவக்காலம் தொடங்கிய சமயத்தில் அக்காவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில நாளில் தேறிவிட்டாள். எனக்குத்தான் தேறவில்லை. வாரா வாரம் ஒரு பத்து கூட்டு என்கிற கணக்கு அவள் இருக்கும்வரைதானே என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சிறிது சிறிதாக என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. சிறிது சிறிதாக நடக்க அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

இதற்கிடையில் ஊர் என் நடையை நேர்ச்சை, அதாவது வேண்டுதல், என்று முடிவு செய்திருந்தது. அக்காவுக்காகவா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொன்னேன், பொய்யில்லையே. நேர்ச்சை என்றால் ஷூ எதற்கு என்று கேட்டாள் மதினி. எங்கள் பக்கத்தில் நேர்ச்சை நடைக்குச் செருப்பு போடும் வழக்கமில்லை. கால் பொத்துப்போனால்தான் அது நேர்ச்சை. உடற்பயிற்சிப் பெண் சொன்னதும் மதினி சொன்னதும் என் தலைக்குள் கலந்துவிட்டன. வலித்தால்தான் பலிக்கும், சீக்கிரம் பலிக்கும் என்று எனக்கும் தோன்றிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்து, அதாவது பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் எடுக்காமல், வெறுங்காலோடு மலைக் கோயிலுக்கு நடக்கத் தொடங்கினேன். குருசடி தாண்டி அது வெகுதூரம். கடைசியில் நல்ல ஏற்றம்.

அக்கா மெஷினில் இருந்தாள். என் மூச்சு அவளுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக, இன்று முதல் பாதியை நீ சொல்லு என்று மாற்றிக்கொண்டேன். மறுபாதியை வாய்க்குள் முணுமுணுத்தால் போதும் என்பது என் யோசனை. தார் சூடேறிவிட்டிருந்தது. ஏற்றத்தில் பாதியில் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் மஞ்சளாகப் பறந்தது. அவள் முதல் பாதியை முடித்துவிட்டுக் காத்திருந்தது தெரிந்தது. என்னிடம் சொல்ல மூச்சு இல்லை. மறுபடியும் அதே பாதியைச் சொன்னாள், இம்முறை மெல்ல. அதற்கும் என்னிடமிருந்து பதில் இல்லை.

"ஏட்டி, இரி. எங்க நிக்கியோ அங்க இரி."

ரோட்டோரத்தில் ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்தேன். அவள் செபத்தை விட்டுவிட்டாள். எங்கே இருக்கிறாய், நெஞ்சு வலிக்கிறதா, கை மரத்துப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே கிடந்து அவள் பாதி டாக்டர் ஆகியிருந்தாள். வலி இல்லை, தலை சுற்றல்தான் என்றேன். பட்டினியையும் வெறுங்காலையும் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது. அவள் கத்தவில்லை. என்ன சொல்லப்போகிறாளோ என்று இருந்தது.

"எனக்குச் சாவ ஒரு ஆளு வேண்டாம் மக்கா. அதுக்கு நானே போதும். ஒனக்க மூச்சு கேக்கத்தான் நான் இதில கெடக்கேன். அதையும் ஒளிச்சு வச்சா, நான் என்னத்தக் கேப்பேன்?"

நான் ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். இந்த முறை மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டேன்.

நேர்ச்சையின் பலன், குதிங்கால் வீங்கி வாரக்கணக்கில் தரையில் ஊன்ற முடியவில்லை. டாக்டர் நடையை நிறுத்தச் சொன்னார். அவசரப்பட்டதில் மிச்சம் பிடித்த நாளையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரங்களில் மெஷின் நேரத்தில் அக்கா கூப்பிடுவாள், செபம் சொல்ல மாட்டோம், புறணிதான். நடக்காதபோது புறணிக்குத் தடையில்லை.

ஈஸ்டர் முடிந்து மறுபடி தொடங்கினேன். ஷூ போட்டு, ரெண்டு இட்லி சாப்பிட்டு, முதலிலிருந்து: குருசடிவரை ஒரு பத்து. மதினி ஷூவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இது என் அக்காவின் உத்தரவு என்றேன். நோயாளியின் உத்தரவு என்றதும் விலகி வழிவிட்டாள். அடுத்த வாரம் அடுத்த பத்து. அவசரம் இல்லாமல் இல்லை; தினமும் இருந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பதுதான் அந்த மாதங்களில் நான் செய்த கடினமான வேலை. சாரல் மழை பிடித்த நாட்களில் குடையோடு நடந்தேன். ஒருநாள் திரும்பி வரும்போது, பாலத்தின் சின்ன ஏற்றத்தில் செபம் உடையாமல் போனதை நான் கவனிக்கவில்லை, அக்காதான் கவனித்தாள். இப்பம் பாலமா கேறுன, ஒண்ணும் கேக்கல்லியே என்றாள்.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே பட்டை, அதே நர்ஸ் பெண். போன் கொண்டுபோக விடவில்லை. நானே இரண்டு பாதியையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். பட்டை வேகம் பிடித்தது, முன்பக்கம் தூக்கியது, செபம் குறுகி வார்த்தை வார்த்தையாக வந்தது, ஆனால் நிற்கவில்லை. நிறுத்தியது நானல்ல, அந்தப் பெண்தான். போதும் சேச்சி, கழிஞ்ஞு என்றாள். கதவைத் திறந்து வெளியே வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்து கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதுக்கு அருகில் போய் மூச்சுவிட்டேன், சாதாரணமாக. அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். என்னைச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா, கிருமி பட்டுவிடக்கூடாது என்று, திருவனந்தபுரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகை அறையில் அத்தானோடு தங்கினாள். விலாவில் தையல் இழுக்க, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடப்பதுதான் எனக்கு அப்போது முடிந்தது. தையல்காரியைப் பிறர் தைத்திருந்தார்கள். தையல் சுத்தமாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் அவள் கூப்பிட்டாள். அறைக்கு வெளியே வராந்தாவில் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இனி முதல் பாதி எனக்கு என்றாள். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு மறுபாதியைப் பிடித்தேன். மூன்றாவது மணியிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. மெதுவா அக்கா என்றேன். எத்தனை வருஷம் கெடந்தேன், ஒனக்கு மெதுவாவா என்று எரிந்து விழுந்தாள். ஆனால் வேகத்தைக் குறைத்தாள், செபம் சரியாக வந்தது. மரண நேரம் என்ற வரியை நான்தான் சொன்னேன். சொல்வதற்கு அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு பத்து முடிந்தது. அதற்குமேல் வேண்டாம் என்றேன், சரி என்றாள். நாற்காலி இழுபடும் சத்தம். அவள் உட்கார்ந்துவிட்டாள், மூச்சு ஆறும்வரை காத்திருந்தேன். பிறகு குப்பியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் குடிக்கத் தொடங்கினாள். மடக் மடக்கென்று, இடையில் நிறுத்தாமல், குப்பி காலியாகிறவரை குடித்தாள். அப்புறம் இன்னொரு மூடி திறந்தது. டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று அத்தான் பின்னால் யாரிடமோ சொல்வது கேட்டது.

"கேக்கியாட்டி?" என்றாள்.

கேக்கேன், மெதுவாக் குடி என்றேன்.